நகையும் அழுகையும்: நடிகர்களின் திறத்தை ஒப்பிட்டு வாதிடும் முறை

திங்யான் தண்ணீர்த் திருவிழாவும் சித்திரைப் புத்தாண்டும் சேர்ந்து வரும் ஏப்ரல் நாட்களில் ரங்கூனில் கடைகள் அடைத்திருக்கும். தெருவில் இறங்கினால் தலை முதல் கால் வரை நனைந்துதான் திரும்ப வேண்டும் என்பதால் பெரியவர்கள் வீட்டோடு இருப்பார்கள். மோல்மீனிலிருந்தும் பெகுவிலிருந்தும் வந்த உறவினர்கள் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் தவறாமல் நடப்பது சினிமா நடிகர்களைப் பற்றிய பட்டிமன்றம். இன்ன நடிகர் நகைச்சுவை வேடத்தில் வல்லவரா, கனமான வேடத்தில் வல்லவரா என்று தொடங்கும் பேச்சு, பல ஆண்டுகளாக அரை மணி நேரத்திற்குள் பெயர்களை உரக்கச் சொல்லும் போட்டியாக முடிந்துகொண்டிருந்தது. பெரியப்பா "சிவாஜி" என்பார், சித்தப்பா "நாகேஷ்" என்பார், அதற்கு மேல் இருவரிடமும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. நடிப்பை இவ்வளவு நேசிக்கும் மனிதர்கள் அதைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசிக் கலைவது எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால் சில முறைகளை வகுத்துக்கொண்டோம். அவை பலன் தந்ததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தலைப்பைச் சரிசெய்ய வேண்டும். நாகேஷ் பெரியவரா, சிவாஜி பெரியவரா என்பது அவரவர் விருப்பம் பற்றிய கேள்வி. அதில் வாதிட்டு யாரையும் மாற்ற முடியாது. அதற்குப் பதிலாக ஒரே நடிகரை எடுத்துக்கொண்டு, அவர் சிரிக்க வைத்த ஒரு காட்சியையும் கலங்க வைத்த ஒரு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில் அவருடைய திறம் கூடுதலாக வேலை செய்கிறது என்று கேளுங்கள். காட்சி ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்திற்குள் இருக்கட்டும். முழுப் படத்தையும் வாதத்திற்குள் கொண்டுவந்தால் கதை நன்றாக இருந்தது, பாட்டு நன்றாக இருந்தது என்று பேச்சு வேறு பக்கம் ஓடிவிடும்.

இரண்டு காட்சிகளையும் அளப்பதற்குப் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். அதை வெளியில் தேட வேண்டியதில்லை, தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலிலேயே இருக்கிறது. அங்கே எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகையும் (சிரிப்பு) இரண்டாவதாக அழுகையும் வைக்கப்பட்டுள்ளன. எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (கேட்டதை அப்படியே நம்புதல்) என்னும் நான்கிலிருந்து நகை பிறக்கும் என்றும், இளிவு (சிறுமைப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்ந்து தளர்தல்), வறுமை என்னும் நான்கிலிருந்து அழுகை பிறக்கும் என்றும் அந்நூல் சொல்கிறது. வாதத்தைத் தொடங்கும் முன் ஒவ்வொரு அணியும் தன் காட்சியில் சிரிப்போ கண்ணீரோ இவற்றுள் எதிலிருந்து பிறக்கிறது என்று சொல்லியாக வேண்டும் என்று விதி வையுங்கள். இந்த ஒரு விதி எங்கள் கூடத்தில் பேச்சின் தரத்தையே மாற்றியது, ஏனென்றால் இதற்குப் பதில் சொல்லக் காட்சியைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும்.

வடிவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய புகழ்பெற்ற நகைச்சுவைக் காட்சிகளில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் ஒன்றுதான்: ஊர் நடுவே வீரம் பேசும் ஒருவர் அவமானப்படுகிறார், அடி வாங்குகிறார், பிறகு எதுவும் நடக்காதது போல எழுந்து நடக்கிறார். பிறர் முன்னால் இப்படிச் சிறுமைப்படுவதைத் தொல்காப்பியம் இளிவு என்று அழைத்து அழுகையின் பக்கம் வைக்கிறது. நாமோ சிரிக்கிறோம். அந்த அவமானத்தின்மேல் அவர் எள்ளலையும் பேதைமையையும் போர்த்திக் காட்டுவதுதான் காரணம். அவர் அடி வாங்குவதைக் கண்டு சிரிப்பதைவிட, அடி வாங்கிய பின் சட்டையைச் சரிசெய்துகொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று கண்ணை மட்டும் ஓட்டும் அந்த இரண்டு விநாடியைக் கண்டுதான் நாம் அதிகம் சிரிக்கிறோம். இப்போது மாரி செல்வராஜ் இயக்கி 2023-இல் வந்த மாமன்னன் படத்தைப் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினராக வரும் வடிவேலு, தன்னை மேல்சாதி என்று எண்ணிக்கொள்ளும் ஒருவரின் முன்னால் நாற்காலியில் உட்காராமல் நிற்கிறார். இதுவும் இளிவுதான். குனிந்த தோளும், கையை எங்கே வைப்பது என்று தெரியாத தவிப்பும் நாம் ஏற்கெனவே அறிந்தவை, ஆனால் மேலே போர்த்தியிருந்தது எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே இந்த இரண்டு காட்சிகளையும் வைத்து வாதிடும்போது, "காமெடி நடிகர் இப்படியும் நடிப்பாரா" என்ற வியப்பை ஒதுக்கிவிட்டு, ஒரே அவமானத்தை இரண்டு விதமாகக் காட்டுவதில் எது கடினம் என்று கேட்க வேண்டும். கனமான வேடத்தின் பக்கம் பேசுபவர், பல ஆண்டுகளாக மக்கள் பார்த்துச் சிரித்த ஒரு முகத்தை வைத்துக்கொண்டே சிரிப்பை வரவிடாமல் தடுத்ததைச் சுட்டலாம். நகைச்சுவையின் பக்கம் பேசுபவரோ, மாமன்னனில் கதையின் முழு வலுவும் அவருக்குப் பின்னால் நிற்கிறது, நகைச்சுவைக் காட்சியில் அவருக்குக் கிடைப்பது சில விநாடிகளும் ஒரு தெருவும் மட்டுமே என்று பதில் சொல்லலாம். இரண்டும் நல்ல வாதங்கள். 1992-இல் வந்த தேவர் மகனில் கையை இழந்த இசக்கியாக அவர் நடித்ததை நினைவூட்டினால், இந்தத் திறம் புதிதாக வந்ததன்று என்பதும் விளங்கும்.

நம் ஊருக்கென்றே உள்ள ஒரு சிக்கலையும் கவனத்தில் கொள்ள வேண்டும். 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பின் பர்மாவில் தமிழ், பள்ளிப் பாடமாக இல்லாமல் கோயில் வகுப்பிலும் வீட்டிலும் கற்கும் மொழியாகிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அழுகைக் காட்சி உடனே புரிந்துவிடுகிறது. சொல் விளையாட்டும் வட்டார வழக்கும் புரிவதில்லை. சதி லீலாவதியில் கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசும் கொங்குத் தமிழில் எது இயல்பான பேச்சு, எது வேண்டுமென்றே இழுத்த இழுப்பு என்பது கோயம்புத்தூரைப் பார்க்காத ரங்கூன் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இதன் விளைவாக இங்கே வாக்கெடுப்பு நடத்தினால் கனமான வேடமே வெல்லும், அந்த வெற்றியில் நியாயம் இல்லை. இதற்கு நாங்கள் கண்ட வழி, எந்தக் காட்சியானாலும் முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது, பிறகு வழக்குச் சொற்களை ஒருவர் விளக்குவது, மூன்றாவதாக ஒலியோடு பார்ப்பது.

ஒலியின்றிப் பார்ப்பதன் பயனை எனக்குக் காட்டியது, ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை படத்தில், சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வரும் நாகேஷ் தந்தையான டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி. 1964-இல் வந்த படம் அது. பல முறை பார்த்திருந்தும், அதை நாகேஷின் காட்சி என்றே நினைத்திருந்தேன். கதவு திறக்கும் ஓசை முதல் எல்லா ஓசையும் அவருடைய வாயிலிருந்தே வருவதால் காது அவர் பின்னாலேயே போய்விடுகிறது. ஒலியை நிறுத்திப் பார்த்தபோது கண் பாலையாவிடம் சென்றது. மகன் ஏதோ உளறப்போகிறான் என்ற அலட்சியத்தோடு அமர்ந்திருக்கும் முகம் சிறிது சிறிதாக இறுகுகிறது, பார்வை மகனை விட்டு அகல மறுக்கிறது, வாய் தானாகத் திறந்து அப்படியே நிற்கிறது. அவர் நகைச்சுவை எதையும் செய்யவில்லை. ஒரு மனிதர் உண்மையாகவே பயப்படுவதை மட்டும் நடிக்கிறார், அந்த உண்மைதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவரின் நடிப்பைக் கவனிப்பது என்பதை அன்றிலிருந்து எங்கள் முதல் சோதனையாக வைத்திருக்கிறோம். எதிரில் இருப்பவர் பேசும்போது இந்த நடிகர் என்ன செய்கிறார்? அடுத்துத் தாம் பேச வேண்டிய வசனத்துக்காகக் காத்திருக்கிறாரா, அல்லது கேட்கும் ஒவ்வொரு சொல்லும் அவர் முகத்தில் போய் விழுகிறதா? நகைச்சுவைக்கும் கனமான வேடத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தும் சோதனை இது.

நடிகருடைய பங்கையும் பிறர் பங்கையும் பிரித்துச் சொல்லவும் வேண்டும். மைக்கேல் மதன காமராஜனைப் பற்றிப் பேசும்போது கிரேசி மோகனின் வசனத்துக்கு உரிய பாராட்டைக் கமல்ஹாசனின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கனமான காட்சியில் பின்னணி இசைக்கு உரியதையும் அவ்வாறே பிரிக்க வேண்டும். ஒலியை நிறுத்திய பிறகும் நெஞ்சு கனத்தால் அது நடிப்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

எதிர்த் திசையிலிருந்து வரும் வாதம், அதாவது கனமான வேடங்களுக்குப் பெயர்பெற்றவர்கள் சிரிக்க வைப்பது, நம்மிடையே போதிய கவனம் பெறுவதில்லை. நம் பெரியவர்களுக்குப் பராசக்தி நெருக்கமான படம், ஏனென்றால் 1952-இல் வந்த அந்தப் படத்தின் நாயகன் குணசேகரன் ரங்கூனில் வாழ்ந்து, போர்க்காலத்தில் தாய்நாடு திரும்புகிறவன். சிவாஜி கணேசனின் முதல் படமான அதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நீதிமன்றக் காட்சியைத்தான் சொல்வார்கள். ஆனால் பணத்தை இழந்து சென்னைத் தெருக்களில் பைத்தியம்போல நடித்துப் பிழைக்கும் பகுதியை எடுத்து வாதத்தில் வையுங்கள். பசியால் வந்த கோமாளித்தனம் அது. வறுமை அழுகையின் காரணம், பேதைமை நகையின் காரணம், இரண்டும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. பிற்காலத்தில் சபாஷ் மீனா, பலே பாண்டியா, கலாட்டா கல்யாணம் போன்ற படங்களில் அவர் காட்டிய சரளம் அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

காட்சிகளை இணை சேர்க்கும்போது சூழ்நிலை ஒன்றாக இருந்தால் வாதம் கூர்மையாகும். ரஜினிகாந்துக்கு நான் பரிந்துரைக்கும் இணை, மகேந்திரனின் முள்ளும் மலரும் (1978) படமும் பாலசந்தரின் தில்லு முல்லு (1981) படமும். இரண்டிலும் ஓர் ஊழியர் தம் மேலதிகாரியின் முன்னால் நிற்கிறார். முன்னதில் காளி, பொறியாளரின் முன் பணிய மறுக்கிறவன், அவனுக்குப் பொய் வராது. பின்னதில் தேங்காய் சீனிவாசனின் முன்னால், வேலைக்காக ஒரு முழுப் பொய்யையே வாழ்ந்து காட்டுகிறவன். பணிவாக நடிக்கும் ஒருவனை நடிக்க வேண்டும், முதலாளி நம்ப வேண்டும், நாம் நம்பக் கூடாது. இந்த மூன்றையும் ஒருங்கே செய்வது காளியின் கோபத்தைவிட எளிதா என்ற கேள்வியை வைத்து எங்கள் வீட்டில் ஒரு மாலை முழுவதும் பேசினோம்.

விருதுகளைச் சான்றாக நீட்டாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து தோற்றேன். நாகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது நம்மவர் படத்தில் மகளை இழந்த தந்தையாக நடித்ததற்காக, ஆகவே கனமான வேடமே அவருடைய உச்சம் என்று வாதிட்டேன். எதிர் அணியில் இருந்த என் அத்தை, சர்வர் சுந்தரம் வந்து 30 ஆண்டுகள் கழித்து வந்த படம் அது, அதற்கு இடையில் திருவிளையாடலின் தருமியும் தில்லானா மோகனாம்பாளின் வைத்தியும் வந்து போனார்களே, அப்போது விருது கொடுப்பவர்கள் எங்கே இருந்தார்கள் என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மனோரமாவுக்கும் தேசிய விருது வந்தது புதிய பாதையின் குணச்சித்திர வேடத்திற்குத்தான். விருது வாங்கியவர் யார் என்பதைவிட, விருது கொடுப்பவர்கள் எதைப் பெரிதாகக் கருதினார்கள் என்பதையே அது காட்டுகிறது.

மனோரமாவைத் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். தில்லானா மோகனாம்பாளில் அவர் ஏற்ற ஜில் ஜில் ரமாமணி வேடத்தை எந்த அணியிலும் அடக்க முடியாது. அந்தப் பெண்ணின் பேச்சு சிரிப்பூட்டுகிறது, அவளுடைய அன்பு கலங்க வைக்கிறது. இரண்டுக்கும் இடையே அவர் குரலை மாற்றுவதே இல்லை. இத்தகைய வேடம் வரும்போது நடுவர் தலைப்பை ஒதுக்கிவைத்து, அந்த வேடத்தைப் பற்றி மட்டும் எல்லோரையும் பேசச் சொல்லலாம். செம்பியில் கோவை சரளாவையும், மண்டேலாவில் யோகி பாபுவையும், விடுதலையில் சூரியையும் பற்றிப் பேசுபவர்கள், "இவரா இப்படி" என்பதோடு நிறுத்தாமல் அவர்களுடைய பழைய காட்சி ஒன்றையும் உடன் கொண்டுவர வேண்டும்.

நடத்தும் முறை சுருக்கமானது. அணிக்கு இருவர், ஒருவருக்கு ஆறு நிமிடம். எதிர் அணியின் காட்சியில் உள்ள சிறப்பு ஒன்றை மனமாரச் சொல்லிவிட்டுத்தான் தன் வாதத்தைத் தொடங்க வேண்டும். சொல்லத் தெரியாதவர் காட்சியை மறுபடி பார்க்கட்டும். நடுவராக, இரு பக்கமும் சாயாதவரைவிட இரு வகையையும் ரசிப்பவரை வையுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் இது, ஆகவே காட்சிகளை முன்கூட்டியே போனில் பதிவிறக்கி, மின்னேற்றி வைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு தொலைக்காட்சி அணைந்தபின் ஒன்பது பேர் ஒரே போன் திரையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்து பாலையாவைப் பார்த்தோம். அவ்வளவு அருகில் பார்த்தபோதுதான், பயம் முற்றும் இடத்தில் அவர் இமைகள் அசையாமல் நிற்பதை என் அண்ணன் மகள் எங்களுக்குக் காட்டினாள்.

தீர்ப்புச் சொன்ன பிறகு, தோற்ற அணியின் காட்சியை ஒலியோடு ஒருமுறை ஓடவிட்டுவிட்டு எழுந்திருங்கள்.