கதீட்ரல் கொயர்ல பிள்ளைய சேர்க்கணுமா? ஒண்ணொண்ணா சொல்றேன்

எங்க பொண்ணு கதீட்ரல் கொயர்ல, அதாவது பிஷப்போட பெரிய சர்ச்சுல பாடுற குழுவுல, பாடுறான்னு சொன்னா நம்ம ஆளுங்க கேக்குற முதல் கேள்வி "எப்போ மதம் மாறினீங்க?", ரெண்டாவது "எப்படி சேர்த்தீங்க?" முதல் கேள்விக்கு பதில் ஒரே வார்த்தை, மாறல. ரெண்டாவதுக்கு வாட்ஸாப்ல ஒவ்வொருத்தருக்கா தட்டி கை வலிக்குது, அதனால இங்கயே எழுதிடறேன். இது இங்கிலாந்துல இருக்கற பெத்தவங்களுக்கு.

முதல்ல ஒண்ணு. இது சனிக்கிழமை பாட்டு கிளாஸ் மாதிரி இல்ல. ஸ்கூல் நடக்கற நாள்ல வாரத்துல பல சாயங்காலம் கதீட்ரல்ல ஈவன்சாங்னு ஒரு ஆராதனை நடக்கும், 1549-ல வந்த ஆங்கில பிரேயர் புக்ல ஆரம்பிச்ச வழக்கம், முக்கால் மணி நேரம், பெரும்பகுதி பாட்டுதான். பின்வரிசையில ஆல்ட்டோ, டெனர், பாஸ்னு கீழ் குரல்கள பாடுறது சம்பளம் வாங்கற பெரியவங்க, அவங்கள லே கிளார்க்னு சொல்வாங்க. முன்வரிசையில ட்ரெபிள், அதாவது மேல் குரல், அது ஏழெட்டு வயசுலேர்ந்து பதிமூணு வயசு வரைக்குமான பிள்ளைங்க. இவங்கதான் கோரிஸ்டர். வயசு எட்டுதான், ஆனா அங்க நிக்கும்போது பாக்குற வேலை பெரியவங்க பாக்குற அதே வேலை.

ஸ்டெப் 1: போய் உக்காந்து கேளுங்க

டிக்கெட் கிடையாது, யாரு வேணா போகலாம், முட்டி போடணும்னு கட்டாயம் இல்ல, மத்தவங்க எழுந்தா எழுந்துக்கோங்க அவ்வளவுதான். பிள்ளைய கூட்டிட்டு போய் பத்து நிமிஷத்துக்கப்பறம் அது மூஞ்சிய பாருங்க, பாட்ட கேக்குதா இல்ல மேல கூரைய எண்ணுதான்னு. கூரைய எண்ணினா அவசரப்படாதீங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நேர்ல போக முடியலன்னா பிபிசி ரேடியோ 3-ல வாரா வாரம் கோரல் ஈவன்சாங் வரும், பிபிசி இத 1926-லேர்ந்து போட்டுட்டு இருக்காங்க, நாங்க கார்ல போகும்போது அதத்தான் கேட்டோம்.

ஸ்டெப் 2: எந்த மாதிரி கதீட்ரல்னு தெரிஞ்சுக்கோங்க

பெரிய வித்தியாசம் ஸ்கூல்ல இருக்கு. சாலிஸ்பரி மாதிரி சில இடத்துல கதீட்ரலுக்குன்னே ஒரு ஸ்கூல், பிள்ளை அங்கதான் படிக்கணும், ஃபீஸ்ல ஒரு பங்க ஸ்காலர்ஷிப்பா குறைப்பாங்க. வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி (கணக்குப்படி அது கதீட்ரல் இல்ல, ஆனா வேலை ஒண்ணுதான்) இன்னும் ஒரு படி மேல, கோரிஸ்டருக்காக மட்டுமே நடக்கற ஸ்கூல், முப்பது பேர் அளவுதான், அங்கயே தங்கிப் படிக்கணும். லண்டன்ல இருக்கற சதக் (Southwark) கதீட்ரல் மாதிரி இடத்துல ஸ்கூலே இல்ல, பிள்ளைங்க அவங்கவங்க ஸ்கூல்ல படிச்சுட்டு பாட மட்டும் வருவாங்க, கையில காசு கம்மியா இருக்கறவங்க முதல்ல இத பாருங்க. 2025 ஜனவரிலேர்ந்து பிரைவேட் ஸ்கூல் ஃபீஸ் மேல 20 சதவீதம் வாட் (VAT) வரி வேற ஏறிடுச்சு. அதனால "எத்தன சதவீதம் ஸ்காலர்ஷிப்"னு கேக்காதீங்க, "எல்லாம் போக ஒரு டெர்முக்கு நான் எவ்வளவு கட்டணும்"னு நேரா கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

பொண்ணுங்க சேரலாமான்னு ரொம்ப பேர் கேக்கறாங்க. பல நூறு வருஷமா பசங்க மட்டும்தான், 1991-ல சாலிஸ்பரி பொண்ணுங்களுக்குன்னு தனி வரிசை ஆரம்பிச்சது, அப்பறம் ஒவ்வொண்ணா மத்ததும் வந்துச்சு, லண்டன் செயின்ட் பால்ஸ் இப்ப சில வருஷமாத்தான். 2023 மே மாசம் மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழால பாடினதுல ட்ரூரோ கதீட்ரல் பொண்ணுங்களும் உண்டு. கத்தோலிக்க குடும்பம்னா வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல பாருங்க, அது வேற, ஆபி வேற, ரெண்டயும் குழப்பிக்காதவங்களே இல்ல. மதம் பத்தி, பல கதீட்ரல் எந்த மதமா இருந்தாலும் மதமே இல்லாட்டியும் வரலாம்னு வெளிப்படையாவே சொல்லுது, ஆனா பிள்ளை தினமும் பைபிள் வரிகள பாடும், அதுல வீட்டுல யாருக்காவது சங்கடம் இருந்தா சேத்தப்பறம் பேசாம முன்னாடியே பேசிடுங்க.

ஸ்டெப் 3: குரல விடுங்க, காலண்டர எடுங்க

எல்லாரும் பிள்ளை குரல பத்திதான் கவலைப்படறாங்க. சிக்கல் வர்றது அங்க இல்ல, நம்ம காலண்டர்ல. காலைல ஸ்கூலுக்கு முன்னாடி ரிகர்சல், சாயங்காலம் மறுபடி ரிகர்சல், உடனே ஈவன்சாங், ஞாயித்துக்கிழமை பாதி நாள் காலி. கிறிஸ்மஸ் அன்னிக்கு காலைல பாடி முடிச்சப்பறம்தான் லீவு. ஈஸ்டரும் அப்படியே, மத்த பிள்ளைங்களுக்கு லீவு விட்டப்பறமும் உங்க பிள்ளை அங்க இருக்கும். அதாவது டிசம்பர் சீசனுக்கு சென்னை போறத மறந்துடுங்க, ஃப்ளைட் 26-ஆம் தேதிக்கு மேலதான். ஈஸ்டர் தள்ளி வர்ற வருஷம் சித்திரை ஒண்ணாந்தேதியும் போச்சு. எங்க மாமியார் முதல் வருஷம் ரெண்டு மாசம் சரியா பேசல, ரெண்டாவது வருஷம் அவங்களே இங்க வந்து கிறிஸ்மஸ் அன்னிக்கு முன் பெஞ்ச்ல உக்காந்தாங்க. வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்கன்னா யாரு விடறது யாரு கூட்டிட்டு வர்றதுன்னு ஒரு வாரத்துக்கு பேப்பர்ல எழுதிப் பாருங்க. தேறலன்னா ஆடிஷனுக்கே போகாதீங்க, பிள்ளைக்கு இடம் கெடச்சப்பறம் வேணாம்னு சொல்றது பாவம்.

கிரிக்கெட் போயிடுமேன்னு கேக்குற அப்பாக்களுக்கு ஒரு தகவல், இங்கிலாந்து டீம் கேப்டனா இருந்த அலஸ்டர் குக் செயின்ட் பால்ஸ் கோரிஸ்டரா இருந்தவர்.

ஸ்டெப் 4: ஆடிஷன்

சாதாரணமா இயர் 2, 3, 4 பிள்ளைங்களத்தான் பாப்பாங்க. முதல்ல மியூசிக் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்க, "ஒரு நாள் கோரிஸ்டர்"னு ஓப்பன் டே வெச்சிருப்பாங்க, அதுக்கு கண்டிப்பா போங்க.

இங்கதான் நான் சொதப்பினேன். ரெண்டு மாசம் ஒரே ஹிம்ம (சர்ச் பாட்டு) போட்டு பிள்ளைய பிழிஞ்சு எடுத்தேன், மூணு சரணமும் தண்ணி பட்ட பாடு. உள்ள போனா கொயர நடத்தற மியூசிக் டைரக்டர் முதல் சரணத்தோட "சூப்பர், போதும்"னு நிறுத்திட்டார். அப்பறம் விளையாட்டு மாதிரி ஒண்ணு: பியானோல மூணு ஸ்வரத்த ஒண்ணா அடிச்சு "நடுவுல இருக்கறத மட்டும் பாடு"ன்னார். அவ கொஞ்சம் தலைய சாய்ச்சு கேட்டுட்டு பாடினா. சரிதான். ஆனா கர்நாடக கிளாஸ் பழக்கத்துல கீழ்லேர்ந்து இழுத்துட்டு வந்து அந்த ஸ்வரத்துல நின்னா. அவர் சிரிச்சுட்டே "படியேறி வா, சறுக்குமரத்துல வராத"ன்னார், மறுபடி அடிச்சார், இந்த தடவ நேரா போய் நின்னா. அவர் நோட்ல ஏதோ எழுதினது அப்பத்தான், மூணு சரணத்துக்கு இல்ல. சொன்னத உடனே மாத்திக்குதான்னு பாக்கறாங்க.

அதனால வீட்டுல பயிற்சி இவ்வளவு போதும்: நீங்க ஒரு ஸ்வரம் பாட பிள்ளை அதயே பாடணும், கை தட்டுற தாளத்த திருப்பி தட்டணும், தெரியாத புக்லேர்ந்து ஒரு பத்தி சத்தமா படிக்கணும். பாட்டு ஏதாவது எளிசா, தொண்டைய பிடிக்காத சுருதில. நோட்டேஷன் பாத்து பாடத் தெரியணும்னு அவசியமில்ல, அது அவங்க சொல்லித் தருவாங்க. கர்நாடகம் கத்துக்கற பிள்ளைக்கு காது நல்லாவே இருக்கும், கமகத்த மட்டும் வாசல்ல கழட்டி வெச்சுட்டு போகச் சொல்லுங்க, அந்த கிளாஸ நிறுத்தணும்னு இல்ல.

ஸ்டெப் 5: ப்ரொபேஷனர் காலம்

இடம் கெடச்சா உடனே வெள்ளை அங்கி கெடைக்காது. சில மாசம், சில இடத்துல ஒரு வருஷம், ப்ரொபேஷனர், அதாவது கத்துக்குட்டி. பக்கத்துல ஒரு பெரிய பிள்ளை நிக்கும், எந்த வரில இருக்கோம்னு விரல் வெச்சு காட்டும். முதல் நாள் ரிகர்சல் பாத்துட்டு நான் பயந்துட்டேன், பாடிட்டு இருக்கும்போதே பிள்ளைங்க சட்டுன்னு கைய தூக்கி இறக்குதுங்க, டாய்லெட் போகணும் போலன்னு நெனச்சேன். தப்பா பாடிட்டேன், எனக்கே தெரிஞ்சுடுச்சு, நீங்க நிறுத்த வேணாம்னு அர்த்தமாம். யாரும் திட்டறதில்ல, திரும்பிக் கூட பாக்கறதில்ல. வீட்டுல சாம்பார கொட்டிட்டு இவ கைய தூக்கினப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

கஷ்டம் சங்கீதம்தான், பாட்டு இல்ல, பைபிள்ல வர்ற சங்கீதம் (Psalms). பழைய பிரேயர் புக் வரிசைப்படி 150 சங்கீதத்தயும் மாசம் ஒரு தடவ முடிக்கணும், அதுல 15-ஆம் தேதி சாயங்காலத்துக்கு 78-ஆவது சங்கீதம், எழுபது வசனத்துக்கும் மேல. உங்க கதீட்ரல் அந்த வரிசைய பிடிக்கறதுன்னா அன்னிக்கு ராத்திரி சாப்பாட்ட சீக்கிரம் ரெடி பண்ணுங்க.

கடைசியா சில்லறை விஷயங்க. பைல எப்பவும் சீவின பென்சில் ரெண்டு, பேனா கூடாது. பிள்ளைங்க கூட யாரு இருப்பாங்க, டாய்லெட்டுக்கு யாரு கூட்டிட்டு போவாங்க, சேஃப்கார்டிங் (பிள்ளைங்க பாதுகாப்பு) பொறுப்பு யாருன்னு கூச்சப்படாம கேளுங்க. பையன்னா குரல் உடையற வயசு வந்ததும் ஒரு நாள் முடிஞ்சுடும், அத இப்பவே லேசா சொல்லி வைங்க. அப்பறம் ஆடிஷன் அன்னிக்கு காலைல வெண்பொங்கல் மட்டும் குடுத்துடாதீங்க, எங்கம்மா குடுத்தாங்க, வெயிட்டிங் ரூம்ல என் தோள் மேலயே தூங்கிட்டா.