டெலஸ்கோப் கண்ணாடி தேய்க்கும்போது குழிவை அளப்பது எப்படி?

150 மி.மீ. விட்டத்தில் எஃப் 8 கண்ணாடி (அதாவது ஒளி வந்து குவியும் தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கு) ஒன்றைத் தேய்ப்பதாக வைத்துக்கொள்வோம், முதல் கண்ணாடிக்கு இதுதான் சௌகரியமான அளவு. குவியத் தூரம் 1200 மி.மீ., வளைவு ஆரம் அதற்கு இரண்டு மடங்கு, 2400. நடுவில் எவ்வளவு குழி வேண்டும் என்பதற்குக் கணக்கு சுலபம்: பாதி விட்டமான 75-ஐ அதே 75-ஆல் பெருக்கி வளைவு ஆரத்தின் இரண்டு மடங்கான 4800-ஆல் வகுத்தால் 1.17 மி.மீ. இத்தனை நாள் கை வலிக்கத் தேய்ப்பது இந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்குத்தான்.

அளக்க ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) போதும், பைக் மெக்கானிக் டாப்பெட் அட்ஜஸ்ட் பண்ண வைத்திருப்பாரே அதேதான். கண்ணாடியைக் கழுவித் துடைத்து, ஸ்கேலை விளிம்பு ஊன்றி விட்டத்தின் குறுக்கே நிறுத்தி, நடுவில் தகடுகளை அடுக்கி நுழைத்துப் பாருங்கள், உரசிக்கொண்டு போகிற கனம்தான் ஆழம். அப்புறம் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி இன்னும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். 0.02 மி.மீ. தப்பினாலே குவியத் தூரம் 20 மி.மீ. தள்ளிப்போகும், அதனால் ஒரே அளவை நம்பாதீர்கள்.

இதில் நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. சில்லு பெயராமல் இருக்க விளிம்பைச் சுற்றி 2 மி.மீ. மழுக்கியிருந்தேன், ஆனால் கணக்கை மட்டும் முழு 150-க்கே போட்டுவிட்டேன். ஸ்கேல் உண்மையில் உட்கார்ந்திருந்தது 146 மி.மீ. வட்டத்தில், அதற்கு வேண்டிய ஆழம் 1.11 தான். நான் 1.17 வரை தோண்டிவிட்டு, பாலிஷ் முடிந்த பிறகுதான் குவியத் தூரம் 1140-க்கு வந்திருப்பதைப் பார்த்தேன், அதற்குள் டெலஸ்கோப் குழாயில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸுக்கான ஓட்டையும் போட்டாயிற்று! ஸ்கேல் எங்கே தொடுகிறதோ அந்த அகலத்தை அளந்து கணக்குப் போடுங்கள்.

ஆரம்பத்தில் நடுப்பகுதி மட்டும்தான் குழியும், விளிம்போரம் தேயாத வளையமாக நிற்கும். அந்தக் கட்டத்தில் ஆழத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, குழிவு விளிம்பு வரை போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு அளவும் எடுத்து ஒத்துப்பார்ப்பது நல்லது. கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே தண்ணீர் பூசி, எதிரே சுமார் 2.4 மீட்டரில் நின்றுகொண்டு டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். பிரதிபலிப்பு டார்ச் போகும் பக்கமே போனால் வளைவு மையத்துக்கு (கண்ணாடியிலிருந்து வளைவு ஆரத் தூரத்தில் இருக்கும் புள்ளி) உள்ளே நிற்கிறீர்கள், எதிர்ப்பக்கம் ஓடினால் வெளியே. எந்தப் பக்கமும் ஓடாமல் கண்ணாடி முழுக்க ஒரேயடியாக ஒளிர்கிற இடம் எதுவோ, அங்கிருந்து கண்ணாடி வரை டேப் வைத்துப் பாதியாக்கினால் குவியத் தூரம். தண்ணீர் சீக்கிரம் காயும், கூட ஒரு ஆள் இருந்தால் வேலை எளிது.

80-ஆம் நம்பர் சொரசொரப்பான தேய்ப்புப் பொடியிலேயே முழு ஆழத்துக்கும் போய்விடாதீர்கள், 1.11 வேண்டுமென்றால் 1.05 வாக்கில் நிறுத்துங்கள். கருவிக் கண்ணாடியின் (எதிரே வைத்துத் தேய்க்கும் இன்னொரு கண்ணாடி வட்டு) மேலே கண்ணாடியை வைத்துத் தேய்த்தால் நைசான பொடிகளிலும் குழி இன்னும் கொஞ்சம் கூடும். மீறிப்போய்விட்டதா? சரி, கண்ணாடியைக் கீழே போட்டு, கருவிக் கண்ணாடியை மேலே வைத்துத் தேயுங்கள், குழிவு குறையும். ஆனால் பொடி நைசாக ஆக ஆக இந்தத் திருத்தம் ஆமை வேகத்தில்தான் நடக்கும், அதனால் அடுத்த நைசான 120-ஆம் நம்பர் பொடிக்கு மாறுவதற்கு முன்பே இன்னொரு தடவை ஸ்கேலை எடுத்து வையுங்கள்.