பையன் ராணுவ இன்ஜினியர் ஆபீசர் ஆகணுமா? முதலில் கணக்கைப் போடுங்க

பிளஸ் டூ முடித்த பையன்களை ராணுவமே எடுத்து இன்ஜினியரிங் படிக்கவைத்து ஆபீசர் ஆக்குகிற டெக்னிக்கல் என்ட்ரி ஸ்கீம் வழியாகப் போனால் படிப்பு முழுக்க அரசாங்கச் செலவு. "ஃபீஸே இல்லையே, அப்புறம் என்ன கணக்கு" என்று கேட்கிற வீடுகளில்தான் கோச்சிங்குக்குக் காசு தண்ணியாப் போகிறது.

இதற்கென்று தனியாக எழுத்துத் தேர்வே கிடையாது. பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம், கூடவே இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதியிருக்க வேண்டும், வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள், கல்யாணமாகாத பையன்கள் மட்டும். மதிப்பெண்ணை வைத்து எஸ்எஸ்பிக்கு, அதாவது ராணுவ ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கிற நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

முதல் செலவு கண் டாக்டருக்கு. என் அக்கா மகன் விஷயத்தில் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். கோச்சிங் பணம் கட்டியாயிற்று, கோட்டு சூட்டு தைத்தாயிற்று. அப்புறம்தான் ஒரு நாள் டாக்டர் வண்ணப் புள்ளிகள் போட்ட புத்தகத்தை நீட்டி இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்க, அவன் "எண்ணா, எங்கே?" என்று திரும்பிக் கேட்டான். நிறக்குருடு. சில நூறு ரூபாயில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தட்டைப்பாதம், நிற்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிப்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சரி, உடம்பு தேறிவிட்டது. இப்போது இந்த ஸ்கீம் ஒன்று, வெளியே பி.இ. படித்துவிட்டுப் போவது இன்னொன்று என்று இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 2024 ஜனவரியிலிருந்து இந்த ஸ்கீமின் பயிற்சி 4 வருஷம்தான், முன்பு 5. மூன்று வருஷம் புனே, மாவ், செகந்திராபாத் ராணுவக் கல்லூரிகளில் ஒன்றில், கடைசி வருஷம் டேராடூன் ராணுவ அகாடமியில். மூன்று வருஷம் முடிந்ததும் மாதம் ₹56,100 உதவித்தொகை, அதாவது ஒரு வருஷத்துக்கு ₹6,73,200. வெளியே படிக்கிறவன் வீட்டில் அப்போதும் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டிக்கொண்டிருப்பார்கள். நிரந்தரப் பணி, 20 வருஷம் முடித்தால் பென்ஷன்.

இன்னொரு வழி, சொந்தக் காசில் பி.இ. முடித்துவிட்டு ஷார்ட் சர்வீஸ் டெக்னிக்கல், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆபீசர் வேலை. 10 வருஷப் பணி, வேண்டுமானால் இன்னும் 4. பென்ஷன் கிடையாது. காசை மட்டும் பார்த்தால் முதல் வழிதான் லாபம். ஆனால் பையன் அரைமனசாக இருந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பயிற்சியின் நடுவில் தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், அதற்குள் வெளியே கிடைத்திருக்க வேண்டிய கல்லூரி சீட்டும் போயிருக்கும், பதினேழு வயசுப் பையனுக்கு இதெல்லாம் எங்கே புரியும்?

எஸ்எஸ்பி 5 நாள். முதல் நாள் வடிகட்டலிலேயே நிறைய பேரை அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கோச்சிங் சேர்த்தே தீரணும் என்றால், பேனரில் இருக்கிற போட்டோக்களை எண்ணாமல் போன வருஷம் அந்த கோச்சிங்கில் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சேர்க்கைக் கடிதம் கையில் வரும்வரை இன்ஜினியரிங் கவுன்சிலிங்கை விட்டுவிடாதீர்கள்.