பழைய ராணுவ ரைஃபிளுக்குக் கட்டுப்படியாகும் தோட்டா: எதை வாங்கலாம், எதை விடலாம்

2010 வாக்கில் அமெரிக்காவில் மோசின்-நாகான்ட் என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் வைத்திருந்தவர்கள் தோட்டா விலையைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. 440 தோட்டா அடைத்த தகர டப்பா 100 டாலருக்குள் கிடைத்தது. இன்று அவை வந்த ராணுவ உபரிக் கிடங்குகள் பெரும்பாலும் காலி. 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதியும் கிடையாது. ஆகவே 'ராணுவ உபரி' என்று போட்டிருந்தால் மலிவாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பல அளவுகளில் புதிதாகச் செய்த தோட்டாதான் இப்போது கையைக் கடிக்காமல் முடிகிறது. (இந்தியாவில் இந்தக் கேள்வியே எழாது. .303 (பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளின் அளவு) அங்கே தடை செய்யப்பட்டது, பொதுமக்கள் உரிமத்தில் பெரும்பாலும் .315தான்.)

வாங்கப் போகுமுன் துப்பாக்கியின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) என்ன அளவு என்று உறுதி செய்யுங்கள். மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. இந்தியாவில் செய்த இஷாப்பூர் 2ஏ1 பார்வைக்கு அசல் லீ-என்ஃபீல்ட். ஆனால் அது 7.62 நேட்டோ, .303 அல்ல. போலந்து சில மோசின்களை 7.92 மவுசருக்கு (8 மி.மீ. மவுசர் என்பதும் இதுவே) மாற்றியிருக்கிறது. 1888 மாடல் ஜெர்மன் ரைஃபிள்களில் பல பழைய .318 அங்குலக் குழலோடு இருப்பவை; .323 குண்டு போட்ட இன்றைய 8 மி.மீ. மவுசர் தோட்டாவை அதில் சுட்டால் அழுத்தம் எகிறும். குழலில் உள்ள முத்திரையைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் சேம்பர் அச்சு எடுத்துப் பாருங்கள், ஹெட்ஸ்பேஸ் கேஜும் (தோட்டா சேம்பரில் சரியாகப் பொருந்துகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

விலையை எப்போதும் ஒரு தோட்டாவுக்கு, அனுப்பும் செலவோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒரு டப்பா 300 டாலர், அனுப்ப 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் தோட்டா 75 சென்ட். 440 தோட்டா மட்டுமே சுமார் 10 கிலோ, அதற்கு மேல் தகரம். அதனால் அனுப்பும் செலவு எப்போதும் விலையில் தெரியும். அமெரிக்க அஞ்சல் துறை தோட்டாவை எடுப்பதில்லை, தனியார் கூரியர்தான். இரண்டு மூன்று டப்பாவை ஒரே ஆர்டரில் நண்பர்களோடு சேர்ந்து வாங்கினால் இந்தச் செலவு குறையும். அம்மோசீக் போன்ற விலை ஒப்பீட்டுத் தளத்தில் அளவைத் தேர்ந்து, தோட்டா விலை வாரியாக வரிசைப்படுத்துங்கள். கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் பின்னணிச் சோதனை உண்டு. கலிஃபோர்னியாவில் இணையத்தில் வாங்கினாலும் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கைக்கு வரும், கடைக்காரர் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

உபரியைத் தேடிப் போவதில் இன்னும் அர்த்தம் இருப்பது முக்கியமாக மோசினின் அளவான 7.62×54ஆரில்தான், அதற்கடுத்து ஓரளவு 8 மி.மீ. மவுசரில். 54ஆரில் குண்டின் நுனி நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளி நிறம் என்றால் எஃகு உள்ளீடு கொண்ட சுமார் 148 கிரெயின் (தோட்டாக்களுக்கான எடை அலகு) குண்டு; மஞ்சள் என்றால் 182 கிரெயின் கனமான குண்டு. பச்சை நுனி ஒளிக்கோடு விடுவது, கறுப்பு நுனிக்குக் கீழே சிவப்பு வளையம் இருந்தால் கவசத்தைத் துளைத்துத் தீ வைப்பது. இவை இரண்டும் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்: புல் காய்ந்த மைதானத்தில் தீப்பிடிக்கும், பல இடங்களில் சட்டமும் தடுக்கும். பல சுடுதளங்கள் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்க்கும். எஃகு மேலுறை போட்ட சாதாரணக் குண்டும் ஒட்டும் என்பதால், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. சீல் உடையாத டப்பாவுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், உதிரியாக விற்பதற்குக் கொடுக்காதீர்கள். டப்பா திறக்கும் சாவி மரப்பெட்டியோடு வருவது. ஒற்றை டப்பா வாங்கினால் கூடவே வராது, தனியாகச் சில டாலர் கொடுத்து வாங்குங்கள். உலோகம் வெட்டும் கிரைண்டரைக் கொண்டு வெட்டாதீர்கள்.

8 மி.மீ. மவுசரில் யூகோஸ்லாவியாவின் பித்தளைக் கூடு, 198 கிரெயின் குண்டு நம்பகமானது. துருக்கியின் 1930, 40களின் தோட்டா மலிவு. ஆனால் அழுத்தம் அதிகம், கூட்டின் கழுத்து வெடித்தவை கலந்திருக்கும். அமெரிக்கத் தயாரிப்புகள் அந்தப் பழைய .318 குழல்களை நினைத்து வேண்டுமென்றே மென்மையாக நிரப்பப்படுபவை. சுட்டால் தோளுக்கு இதம், ஆனால் ராணுவ சைட்டின் (குறிபார்க்கும் கருவி) தூரக் குறிகளோடு ஒத்துப்போகாது. சரியான வேகம் வேண்டுமென்றால் செர்பியாவின் ப்ர்வி பார்டிஸான், செக் நாட்டின் செல்லியர் & பெல்லோ.

.303இல் நிலைமை வேறு. கிரேக்க எச்எக்ஸ்பி முத்திரைத் தோட்டா கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்: பாக்ஸர் வகை ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), திரும்பவும் நிரப்பக்கூடிய பித்தளை. பழைய பாகிஸ்தான் .303, இந்தியாவின் கிர்க்கி ஆலையின் .303 என்றால் 'கிளிக்... டமார்' என்று தாமதமாக வெடிப்பதற்குப் பெயர்போனவை. விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். எம்1 கேரண்ட் என்ற அமெரிக்க ராணுவ ரைஃபிளுக்கு .30-06 வாங்கும்போது பெட்டியில் கேரண்டுக்கானது என்று எழுதியிருக்க வேண்டும், அல்லது 150 கிரெயின் எம்2 பால் (Ball, அமெரிக்க ராணுவத்தின் சாதாரணத் தோட்டா) வகைக்கு நிகரானதாக இருக்க வேண்டும். மெதுவாக எரியும் வெடிமருந்து நிரப்பிய கனமான வேட்டைத் தோட்டா, குழலிலிருந்து வாயுவை எடுக்கும் கேஸ் துளை அருகே அழுத்தத்தைக் கூட்டி, துப்பாக்கியை இயக்கும் கம்பியான ஆப்பரேட்டிங் ராடை வளைக்கும். இத்தாலியக் கர்கானோ, ஜப்பானிய அரிசாகா, பிரெஞ்சு 7.5 போன்றவற்றுக்கு உபரி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், நேரே ப்ர்வி பார்டிஸானுக்குப் போங்கள்.

புதிய இருப்பு எதுவானாலும் முதலில் ஒரு சிறு பொட்டலம் வாங்கிச் சோதியுங்கள். சரியாக இருந்தால் அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் மொத்தமாக எடுங்கள். ஒவ்வொரு தோட்டாவையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கழுத்தில் மயிரிழை விரிசல், ப்ரைமரைச் சுற்றிப் பச்சைப் பூப்பு, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் குண்டு: மூன்றில் எது இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். சில தோட்டாக்களின் குண்டைக் கழற்றிப் பாருங்கள். மருந்து புளிப்பாக நெடி அடித்தாலோ, செந்நிறத் தூள் தட்டினாலோ அது அழிந்துகொண்டிருக்கிறது, மொத்த லாட்டையும் கழியுங்கள். ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கு நோக்கியே பிடித்து, குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்து போல்ட்டை (சேம்பரை மூடும் தாழ்) திறவுங்கள். சத்தம் மெலிந்து கேட்டால் நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

மோசினில் போல்ட் இறுகிக்கொண்டால் எல்லோரும் கூட்டின் மேலிருக்கும் அரக்குப் பூச்சைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் சேம்பரில் காய்ந்து ஒட்டிய காஸ்மோலின் (துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் மசகு) தான். கரைப்பான் தோய்த்த பெரிய விட்டப் பிரஷ்ஷால் சேம்பரைத் தேய்த்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

இனி துரு விஷயம். கிழக்கு ஐரோப்பிய ராணுவ உபரி எதுவானாலும் அதில் இருப்பது அரிக்கும் ப்ரைமர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், விற்பவர் 'லேசாக' என்று சொன்னாலும். ப்ரைமரில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படிகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்கிறது. எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். எண்ணெய் தடவிவிட்டுத் தூங்கினால் அதன் அடியில் உப்பு வேலை செய்துகொண்டே இருக்கும். சுட்ட அன்றே போல்ட்டை எடுத்துவிட்டு, சேம்பர் பக்கமிருந்து புனல் வைத்து ஒரு லிட்டர் வெந்நீரைக் குழல் வழியே ஊற்றுங்கள். மரக்கட்டைப் பாகத்துக்குள் நீர் இறங்காமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். போல்ட் முகப்பையும் ஃபயரிங் பின்னையும் வெந்நீரில் அலசுங்கள். பிறகு உலர்ந்த துணி, வழக்கமான கரைப்பான், கடைசியில் எண்ணெய். மறுநாள் ஒரு துணி விட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. எஸ்விடி-40, ஹக்கிம் போன்ற, வாயுவால் இயங்கும் ரைஃபிளில் கேஸ் வழியையும் கழுவ வேண்டும். அந்தச் சிரமத்துக்காகவே அவற்றுக்கு அரிக்காத புதிய தோட்டாவே லாபம் என்பது என் கணக்கு.

பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பத் தெரிந்தவர்களுக்குக் கணக்கு தலைகீழாகும். கூட்டின் உள்ளே அடிப்பகுதியில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர், இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன். பெர்டனைச் சுட்டபின் தூக்கிப் போடுவதே வழக்கம். லீ-என்ஃபீல்டின் சேம்பர் தாராளமானது. முழுக் கூட்டையும் அச்சில் இட்டு இறுக்கினால் சில சுற்றுகளிலேயே அடிப்பாகம் பிரியும். கழுத்தை மட்டும் அளவாக்கி அதே துப்பாக்கியில் பயன்படுத்தினால் பித்தளை நெடுநாள் வரும். குண்டு வாங்கும்போது .303க்கும் 54ஆருக்கும் .311 அல்லது .312 அங்குலம்தான்; .308 குண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டால் குழலின் உட்புற வரித்தடத்தைச் சரியாகப் பற்றாமல் எங்கோ போய் விழும்.