கூலிங் கொயில் மாற்றக் கொடுக்குமுன்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கார் ஏசி குளிராவிட்டால் மட்டக்களப்பு கராஜ்களில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு, "கூலிங் கொயில் போய்விட்டது, மாற்ற வேண்டும்." டாஷ்போட்டுக்குள் இருந்து காற்றைக் குளிராக்கும் பகுதிதான் இந்தக் கொயில். பல நேரம் அந்தத் தீர்ப்பு உண்மை, சில நேரம் வெறும் ஊகம். ஊகத்தை நம்பி டாஷ்போட்டைக் கழற்ற விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

ஏசியைக் குளிரூட்டும் காஸ் குறைகிறது என்பதற்காகக் கொயில்தான் காரணம் என்று ஆகிவிடாது. கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடலோரம் நிற்கும் காரில் உப்புக்காற்றை முகத்தில் வாங்குவது முன்னாலிருக்கும், காஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர். டோர்ச் அடித்துப் பாருங்கள்: கசிந்த இடத்தில், காஸோடு சுற்றும் ஒயில் தூசியைப் பிடித்துக் கறுப்புத் திட்டாக நிற்கும். கொயிலோ கண்ணில் படாது. எஞ்சினை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் கசிவுமானியைப் பிடிக்கச் சொல்லுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது என்பதால் கொயில் கசிந்தால் அந்த வழியாகத்தான் இறங்கும்.

கொயில்தான் என்று உறுதியானால், பழைய காஸைக் காற்றில் திறந்துவிட இடம் கொடுக்காதீர்கள். பல கார்களில் உள்ள ஆர்134ஏ என்ற காஸ், கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும் என்று கணக்கிடப்பட்டது. இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் பொறுத்த பிறகே டாஷ்போட்டில் கை வைக்க வேண்டும்.

கூலியில் பெரும்பகுதி டாஷ்போட்டைக் கழற்றிப் பூட்டுவதற்கே போகிறது. அவ்வளவையும் திறந்துவிட்டு கொயிலுக்குள் காஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் வளையங்களையும் பழையதாகவே பூட்டுவது என்ன சிக்கனமோ! ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும். கொயிலின் தகடுகளுக்கிடையே செருகிய சிறு வெப்ப உணரி பழைய இடத்திலேயே அமர வேண்டும். இடம் மாறினால் கொயில் உறைந்து பனிக்கட்டியாகி, அம்பாறை வீதியில் பாதி வழியிலேயே காற்று நின்றுவிடும்.

ஒயிலில் நடக்கும் தவறுதான் பணத்தைத் தின்னும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில், காஸை அழுத்தும் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஒயில் அதன் மோட்டாரையே நனைக்கிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை ஒயில் வேண்டும். டொயோட்டா சொல்வது என்டி-11. பெல்ட்டில் ஓடும் கார்களுக்குரிய பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு கெட்டு, கொம்பிரசரையே மாற்றும் நிலை வரலாம். முன்பு வேறு காருக்குப் பிஏஜி ஏற்றிய குழாயைக் கழுவாமல் மாட்டுவதும் அதே ஆபத்துத்தான். எந்த ஒயில் என்று கேட்டால் "எல்லாம் ஒன்றுதான்" என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களை, அதற்கான பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது.

காஸ் ஏற்றுமுன் வெற்றிடப் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும். வெற்றிடத்தில் நீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிப் போய்விடும். வாவிக்கரையின் ஈரக்காற்றில் திறந்து கிடந்த குழாய்களுக்கு இது கட்டாயம். குழாயில் கை வைத்துக் குளிர்ச்சி பார்த்து காஸ் ஏற்றுபவரும் உண்டு. பொனட்டுக்குள் ஒட்டியுள்ள தாளில் கிராம் கணக்கு இருக்கிறது, தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். கூடினாலும் குளிர் குறையும்.

காரை எடுத்த அன்றே ஏசியைப் போட்டு நிறுத்திவைத்து, தண்ணீர் காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். காலடி விரிப்பு நனைந்திருந்தால் வடிகுழாய் சரியாகச் செருகப்படவில்லை. நாற்றம் எடுக்கும் முன் அதே கராஜுக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.