வேட்டியில் விழுந்த நிழல்: ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றியதும் நடக்கும் தவறுகள்

மண்டபத்துத் தோட்டத்தில் மாலை ஐந்து மணிக்கு, ஃபிளாஷைத் தனி ஸ்டாண்டில் வைத்து எடுத்த ஜோடிப் படங்கள். கேமரா திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், நாற்பது படங்களில் மாப்பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே வேட்டி மங்கிக் கிடக்கிறது. பந்தல் நிழல் விழுந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் நிழல் எந்தப் படத்திலும் இடம் மாறவில்லை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நிற்கிறது. படத்தின் விவரத்தைப் பார்த்தேன்: ஷட்டர் வேகம் 1/400 நொடி. என் கேமராவில் ஃபிளாஷோடு போகக்கூடிய உச்சம் 1/200.

கேமராவுக்குள், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை விலகிச் சென்சாரைத் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். 1/200 வரை, சென்சார் முழுவதும் திறந்திருக்கும் ஒரு கணம் கிடைக்கும். ஃபிளாஷ் அந்தக் கணத்தில் வெட்டிவிடும். அதைவிட வேகமாக வைத்தால், முதல் திரை முழுசாக விலகும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். ஃபிளாஷ் வெட்டும்போது மூடியிருக்கிற பகுதிக்கு அந்த வெளிச்சம் கிடைக்காது. இருட்டு ஹாலில் அது கறுப்புப் பட்டையாக வரும், உடனே தெரிந்துவிடும். வெளியில் பகல் வெளிச்சம் அந்த இடத்தை ஓரளவு நிரப்புவதால் நிழல் மாதிரி ஏமாற்றும். படுக்கைவாட்டில் எடுத்தால் பெரும்பாலும் அடியில் வரும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஓரத்துக்குப் போய்விடும். அந்த நாற்பது படங்களையும் முழங்காலுக்கு மேலே வெட்டித்தான் ஆல்பத்தில் சேர்த்தோம்.

ஃபிளாஷ் கேமரா தலைமேல் இருந்தவரை இந்தத் தொல்லை எனக்கு வந்ததில்லை. காரணம், அந்தக் கேமராவுக்கென்றே செய்த ஃபிளாஷைச் செருகினால் கேமராவுக்கு அது தெரியும், எல்லைக்கு மேல் ஷட்டரை விடாது. தள்ளி நிற்கும் ஃபிளாஷுக்குச் சிக்னல் அனுப்ப, கேமரா தலையில் செருகுவது ட்ரிகர். விலை குறைந்த ட்ரிகரில் நடுவில் ஒரே ஒரு பின்தான் இருக்கும். ‘வெட்டு’ என்ற கட்டளை மட்டும் அதன் வழியே போகும். தன்னோடு ஃபிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது, நீங்கள் 1/4000 வைத்தாலும் வாயைத் திறக்காது. போதாக்குறைக்கு, சில ட்ரிகர்களில் சிக்னல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். கேமராவோடு வரும் புத்தகத்தில் 1/200 என்று போட்டிருந்தாலும் பட்டை மெல்ல எட்டிப் பார்க்கும்.

எல்லை கேமராவுக்குக் கேமரா மாறும். கேனான் 6டி-யில் 1/180, 5டி மார்க் 4-இல் 1/200, நிக்கான் டி850, சோனி ஏ7 மார்க் 3 இரண்டிலும் 1/250. ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசை லென்ஸ்களுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் அவை 1/2000-லும் பட்டையில்லாமல் எடுக்கும். 2023-இல் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3-இல் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் பதிவதால் இந்தப் பிரச்சினையே இல்லை. அதன் விலைதான் பிரச்சினை.

அடுத்த தவறை உதவிக்கு வரும் பையன்கள் எல்லாரும் செய்கிறார்கள். முகம் வெளுத்துப்போனால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவார்கள். பின்னணி இருண்டுபோகும், முகம் அப்படியே வெளுத்திருக்கும். இருட்டில் ஜன்னலை ஒரு நிமிடம் திறந்து வைத்தாலும் இரண்டு நொடி திறந்து வைத்தாலும், அதற்குள் வெட்டுகிற ஒரு மின்னலின் வெளிச்சம் ஒன்றுதான். ஃபிளாஷும் மின்னல்தான். எல்லைக்குள் இருக்கும்வரை ஷட்டர் சுற்றுப்புற வெளிச்சத்தை மட்டும் தொடும். அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஐஎஸ்ஓ-வும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) சுற்றுப்புற வெளிச்சம், ஃபிளாஷ் வெளிச்சம் இரண்டையும் தொடும். முகத்தை மட்டும் குறைக்க ஃபிளாஷின் பவரைக் குறையுங்கள், இல்லையென்றால் ஸ்டாண்டைப் பின்னால் தள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொரு தவறு தெரியும். ரிசப்ஷன் முழுக்க 1/200-லேயே எடுத்துவிட்டு, மேடைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டிய சீரியல் லைட்டெல்லாம் அணைந்தமாதிரி வந்திருக்கும். குகைக்குள் கல்யாணம். 1/60-க்கு இறக்கினால் விளக்குகள் உயிர்பெறும், முகம் மாறாது. அதற்கும் கீழே போனால் வீடியோக்காரரின் லைட் மணமக்கள்மேல் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் கை அசைவுகள் பேய்மாதிரி இழுபடும்.

ஷட்டரின் இந்த எல்லை உறைப்பது உச்சி வெயிலில். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்றால் வெயிலுக்குச் சரியான அப்பர்ச்சர் சுமார் எஃப் 11 (எண் குறைந்தால் திறப்பு பெரிது). பின்னணியை மங்கவைக்க எஃப் 2 வேண்டும் என்கிறீர்கள். நடுவில் ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அதாவது 32 மடங்கு வெளிச்சம் கூடுதல். ஷட்டரைக் கூட்டி ஈடுகட்டவும் வழியில்லை.

இங்கேதான் எல்லாரும் எச்எஸ்எஸ் (ஹை-ஸ்பீடு சிங்க், எல்லைக்கு மேலான ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷ் வேலைசெய்யும் முறை) பட்டனுக்குப் போகிறார்கள். அந்த முறையில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக வெட்டாமல், திரைகளின் இடுக்கு நகரும் நேரம் முழுக்கப் படபடவென்று துடிக்கும். பட்டை வராது, ஆனால் பலம் கரைந்துவிடும். குறைந்தது இரண்டு ஸ்டாப் அங்கேயே போகும், அதற்கு மேல் ஷட்டரை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் பாதி. கைக்கு அடக்கமான ஃபிளாஷின் நிலைமை முதலிலேயே இழுபறிதான். பெட்டியில் கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 60 என்று போட்டிருப்பது 200 மில்லிமீட்டர் ஜூமில். 35 மில்லிமீட்டரில் 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 11-ஆல் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் 3.3 மீட்டர். வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸை மாட்டினால் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் அது குடிக்கும், மிச்சம் 1.6 மீட்டர். இது முழு பவரில், எச்எஸ்எஸ் இல்லாமல்.

வானத்தை இருட்டாக்க எஃப் 22-க்கு மூடுவது இதைவிட மோசம். எஃப் 11-க்குத் தேவைப்பட்டதைவிட நான்கு மடங்கு பவர் வேண்டும், ஒளி வளைவதால் படத்தின் கூர்மையும் போய்விடும்.

லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை, மூன்று ஸ்டாப் அளவில், போட்டால் அதே 1/200-இல் எஃப் 4 கிடைக்கும். ஃபிளாஷ் எஃப் 11-க்கு உழைத்த அதே அளவு உழைத்தால் போதும், எச்எஸ்எஸ்-இல் கரையும் பலம் கையில் நிற்கும். மலிவான ஃபில்டரில் நிறம் கெடும் என்பது வேறு விஷயம். உண்மையைச் சொன்னால் நான் இரண்டையும் தேடிப் போவதில்லை. ஜோடியை வேப்பமர நிழலுக்குக் கூட்டிப் போய்விடுவேன். அங்கே ஒரு சின்ன ஃபிளாஷே ராஜா.

ஆட்டோ ஐஎஸ்ஓ-வை அணைக்க மறக்காதீர்கள். ஃபிளாஷ் இருப்பது தெரியாத கேமரா, ஹால் இருட்டாக இருக்கிறதே என்று 6400-க்கு ஏற்றிவிடும், முகம் சுண்ணாம்பு அடித்தமாதிரி வரும். ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அப்பர்ச்சர் பிரையாரிட்டியும் அப்படித்தான், ஷட்டரை 1/15-க்கு இழுத்துவிடும். எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் எம் மோடில் இருங்கள். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் சைலன்ட் ஷட்டரையும் பாருங்கள், பல கேமராக்களில் அது ஓடும்போது ஃபிளாஷ் வெட்டாது.

புது ட்ரிகர் வாங்கினால் முதல் வேலை: விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளைச் சுவரை 1/125, 1/160, 1/200, 1/250 என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். எந்த வேகத்தில் அடியில் கறுப்பு எட்டிப் பார்க்கிறதோ, அதற்கு ஒரு படி கீழே உங்கள் எல்லை. என் ட்ரிகரின் முதுகில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது, அதில் மார்க்கரால் 160 என்று எழுதியிருக்கிறேன்.