கச்சேரிக்கு நாள் குறிக்கமுதல் வயலைப் பாருங்கோ

எங்கட இசைக்குழுவில 14 பேர். ஐந்து வயலின், இரண்டு மிருதங்கம், ஒரு புல்லாங்குழல், என்ர பழைய ஆர்மோனியம், மிச்சமெல்லாம் பாடுற பிள்ளையள். வன்னியில, விசுவமடுவில ஒரு சனசமூக நிலையத்தில ஞாயிறு பின்னேரங்களில பழகுறம். வருசத்துக்கு மூன்று கச்சேரி, ஒவ்வொன்றுக்கும் வெளியில இருந்து ஒரு வித்துவான். உங்கட ஊரிலயும் இப்படித் தொடங்க நினைச்சால், நான் பிழைவிட்டுப் படிச்சதுகளைச் சொல்லுறன்.

முதல் வருசம் கலண்டரில லீவைப் பார்த்து மாசிப் பூரணைப் போயாவைக் குறிச்சிட்டன். யாழ்ப்பாணத்தில இருந்து வித்துவான் வந்து இறங்கியாச்சு, சனத்தைக் காணேல்லை. ஒழுங்கையில போன தம்பி ஒருத்தனைக் கேட்டன். "ரீச்சர், வெட்டு மிஷின் இண்டைக்குத்தான் எங்கட வயலுக்கு வந்திருக்கு, விட்டால் பிறகு எப்ப வருமோ" எண்டான். மாரிமழைக்கு விதைச்ச காலபோக நெல்லு வயலில நிக்க, ஆர் வந்து ஆலாபனை கேக்கிறது?

தை, மாசி அரிவி வெட்டு, விட்டிடுங்கோ. ஐப்பசி, கார்த்திகை மழை. ஈரத்துக்கு மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி நிக்காது. அப்ப பழக்கம் மட்டும் வைப்பம். பங்குனிதான் நல்ல காலம். நெல்லு வித்த காசு கையில இருக்கும், குளத்துத் தண்ணியில சிறுபோகம் விதைக்கக் கொஞ்ச நாள் கிடக்கும். ஆனால் பங்குனியில புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில வற்றாப்பளை அம்மன் பொங்கல். அந்தக் கிழமைகளில கச்சேரி வைச்சால் கதிரைதான் கேக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மேளகாரரைத் தேடவே வேண்டாம். நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வாணி விழா, வயலின்காரரும் கிடையார்.

இவ்வளவையும் கழிச்சுப் பார்த்துத்தான் இந்த வருசத்துக்கு நாள் எடுத்தம். பங்குனியில ஒரு சனிக்கிழமை அளவெட்டியில இருந்து நாதஸ்வரமும் தவிலும். ஆனிப் போயாவுக்கு, மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில படிச்ச வயலின்காரி ஒருத்தி. ஆவணிக் கடைசியில முள்ளியவளையில கூத்துப் பழக்குற அண்ணாவியார் ஒருவர். போயாவெண்டால் உத்தியோகத்தருக்கு லீவு, திரும்பிப் போறவைக்கு நிலவு வெளிச்சம்.

நாள் சரிவந்த கையோட வித்துவானிட்டைக் கேக்கவேண்டிய முதல் கேள்வி சம்பளமில்லை, சுருதி. கட்டை எண்டால் சுருதியின்ர உயரம். எங்கட பிள்ளையள் 5 கட்டையில பாடுறவை. பங்குனிக்கு வாற நாதஸ்வரம் 2 கட்டை. கேட்டவுடன எனக்கு வயித்தைக் கலக்கிச்சுது. பிறகு யோசிச்சால் வழி உள்ளுக்கேயே இருக்கு: 2 கட்டையின்ர மத்திமம், ஸரிகமவில வாற 'ம', அதுதான் 5 கட்டை. அவர் மத்திம சுருதியில, அதாவது தன்ர மத்திமத்தையே சட்ஜமா ('ஸ') வைச்சு வாசிச்சால் எங்கட பிள்ளையளின்ர சட்ஜத்தில வந்து நிப்பார். புன்னாகவராளி, செஞ்சுருட்டி, நாதநாமக்கிரியை எல்லாம் மத்திம சுருதியில வழமையாப் பாடுற ராகங்கள். அதனால சேர்ந்து செய்யிற உருப்படிகளை அதுக்குள்ளேயே எடுத்தம். நாகதம்பிரான் பக்கத்துச் சனத்துக்குப் புன்னாகவராளியைச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, அது பாம்புக்கு ஊதுற மகுடியின்ர ராகம், சத்தம் கேட்டாலே தலை நிமிரும். மிச்சத்தை அவர் தனியா வாசிக்கட்டும். நாதஸ்வரத்துக்கு முன்னால மைக்கும் வேண்டாம், வைச்சால் எங்கட வயலின் ஐந்தும் செத்துப்போகும்.

ஒத்திகைக்கு எண்டு அவையை இரண்டு தரம் கூப்பிட ஏலாது. பிள்ளையள் பாடினதைச் சுருதிப் பெட்டியோட போனில பதிஞ்சு ஒரு மாதத்துக்கு முதல் அனுப்புங்கோ. கச்சேரி அண்டைக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கே வரச் சொல்லி ஒரு மணித்தியாலம் கூட இருத்துங்கோ, காணும்.

அண்ணாவியார் விசயம் வேற. அவரைச் சப்பாணி கட்டி மேடை நடுவில இருத்தினால் கோவலன் கூத்துப் பாட்டு வராது. மத்தளத்தோட ஒரு கரையில நிக்க விடுங்கோ. நாங்கள்தான் அவருக்குப் பின்னால போகோணும். ஆர்மோனியத்தை நான் ஒரு மாதமாக் கூத்து மெட்டுக்கு வளைச்சுக்கொண்டிருக்கிறன், இன்னும் முழுசா வளையேல்லை.

ஆனியில சோளகம், தென்மேற்குக் காத்து, அடிக்கும். காத்து மைக்குக்குள்ள பூந்து புஸ் புஸ் எண்டும். மேடையின்ர முதுகைத் தென்மேற்குக்குக் காட்டி, பின்னால கிடுகு கட்டுங்கோ. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி முதலே எடுக்கோணும்.

எங்கட ஆக்களுக்கு விருந்தினர் எண்டால் விளக்கேத்துறவர். ஒருக்கால் பிரதம விருந்தினர் ஒருவர் 40 நிமிசம் பேசினார். மிருதங்கத்தின்ர இடந்தலையில பூசின ரவை காய்ஞ்சு போச்சுது, திரும்பப் பிசைஞ்சு பூசினம். இப்ப அழைப்பிதழில "விருந்தினர்" எண்டு வித்துவானை மட்டும்தான் போடுறம். விளக்கை ஊரில வயசான ஆச்சி ஒராள் ஏத்துவா, பேச்சில்லை. இரண்டொருவருக்கு இது மனவருத்தம்தான். பொன்னாடையைக் குறைச்சு, அந்தக் காசைச் சன்மானத்தில கூட்டுங்கோ. அதை வெற்றிலை பாக்கோட மங்களம் பாடமுதல் குடுத்திடோணும். காசாளரைத் தேடி வித்துவான் பந்தலைச் சுத்திவரக்கூடாது. யாழ்ப்பாணத்துக்கு இரவில பஸ்ஸை நம்பேலாது, தவிலோட எண்டால் சொல்லவும் வேண்டாம், வான் பேசி வையுங்கோ. இடியப்பமும் சொதியும் சாரதிக்கும் சேர்த்து.

பங்குனிக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம். இரண்டாவது மிருதங்கத்துக்கு வார் இழுக்கோணும்.